தொட்டி நிழலில் இரண்டு பேர்

சஹானாவுக்குப் பிடித்த படங்களில் ஆட்கள் குறைவு. ஒருவர் போதும். இரண்டு பேர் என்றால் கொஞ்சம் கூட்டம்தான்.

உப்புப் பாலைவனத்தில் டயர் வெடித்து நிற்கும் லாரி. பாழுங்கிணற்றில் விழுந்துவிட்ட தபால்காரர். படிகள் இடிந்துபோன கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒரு பெண். பாட்டு கிடையாது. சின்ன வயதுக் கதை கிடையாது. அந்த ஆள் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது மட்டும்தான் படம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் பஸ் மாறி பிரேசர் டவுனுக்குப் போவாள். அங்கே பியாட்ரிஸ் ஒரு சிடி லைப்ரரி வைத்திருந்தாள்.

“இன்னா சஹானா, இந்த வாரம் யாரைத் தனியா வுடணும்? கடல்லயா, பனியிலயா?”

“எங்க வேணா விடுங்க. கூட யாரும் வரக்கூடாது.”

“உன் கையில மாட்டுனவங்க பாவம்மா” என்று பியாட்ரிஸ் அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிவாள். அந்தத் தட்டுக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது.

வீட்டில் இது யாருக்கும் புரியவில்லை. அம்மா அனந்தலக்ஷ்மி ஒரே ஒரு தடவை கூட உட்கார்ந்து பார்த்தாள். லாரிக்காரன் ரேடியேட்டர் தண்ணீரைச் சட்டைத்துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தான்.

“இவனுக்கு வீட்ல மனுஷா யாரும் இல்லையாடி? தேட மாட்டாளோ?”

நியாயமான கேள்வி. தேட யாரும் இல்லை என்பதுதான் சஹானாவுக்குப் பிடித்தது. அவள் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு என்று வந்து பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வேர்விட்ட குடும்பம். ஒரு சுடிதார் எடுத்தால் ஆளுக்கொரு அபிப்பிராயம். ருக்கு அத்தைக்கு மட்டும் இரண்டு. லாரிக்காரனுக்கோ யோசனை சொல்ல ஆள் இல்லை. ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனே யோசிக்க வேண்டும். அதைப் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு படபடக்காது. மாறாக, வாரம் முழுக்கப் பிடித்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் இறங்கும்.

இரண்டாயிரத்து நான்கு, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பையன் பெயர் பாலசுப்ரமணியன். திருச்சிக்காரன். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அப்பாவும் அம்மா வனஜாவும் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று. அடுத்தது மொட்டை மாடி.

“ரெண்டு பேரும் மேல போய் மனசு விட்டுப் பேசிட்டு வாங்கோ” என்றாள் ருக்கு அத்தை.

அந்த மாடிக்கு சஹானா ஏற்கெனவே மூன்று பேருடன் போயிருக்கிறாள். மூன்று தடவையும் பஜ்ஜி ஆறுவதற்குள் இறங்கி வந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூவரிடமும் பெரிய குறை இல்லை. மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொல்கிற சம்மதம் அவளிடம் இல்லை, அவ்வளவுதான். புடவையின் நிறம் அம்மாவுடையது, தலைப்பூ அத்தையுடையது. வேண்டாம் என்ற ஒரு சொல் மட்டும் அவளுடையது. அதை இன்றும் சொல்வதாகத்தான் படியேறினாள்.

செல்போன் அவளுடையது சார்ஜில் கிடந்தது. அவனுடையதை, ஆபீஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள் என்று வனஜா வாங்கி டிவி மேல் வைத்துவிட்டாள். செருப்பு, வழக்கம்போல, வீட்டு வாசலில்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடிக்கு மேல் மொட்டை மாடி. துணிக்கொடி, பழைய வேட்டியில் காயும் வடாம், மூட்டு கழன்ற பிரம்பு நாற்காலி, ஓரமாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இருவரும் தொட்டிப்பக்கம் போனார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. யாரோ இருமிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

“சுந்தரமூர்த்தி சார்” என்றாள் சஹானா. “எங்க அசோசியேஷன் செக்ரெட்டரி. குரங்கு வருதுன்னு கதவு தெறந்திருந்தா பூட்டிட்டுப் போயிடுவார்.”

“உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்க மாட்டாரா?”

“குரங்கைத்தான் பாப்பார்.”

அவன் போய்க் கதவை இழுத்தான். தள்ளினான். மறுபடி இழுத்தான்.

“என்ன பண்றீங்க?”

“எங்க வேலைல இதான் முதல் ரூல். ஒரு பிரச்னை வந்தா, அது திரும்பவும் வருதான்னு பாக்கணும்.” இன்னொரு முறை இழுத்தான். “வருது.”

தரை கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

“கத்தலாமா?” என்றான்.

“கூடாது. பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு மாடிலேர்ந்து கத்தினான்னா, அது சம்பிகே ரோடு வரைக்கும் போகும். நான் கெழவியானாலும் சொல்லுவா.”

“சரி. கொஞ்ச நேரத்துல தேடிண்டு வந்துடுவாங்க.”

“வரமாட்டாங்க. இதுக்கு முன்னாடி மூணு பேரோட வந்துட்டு உடனே எறங்கிட்டேன். இன்னிக்கு எறங்கலைன்னா அம்மா சந்தோஷத்துல மாடிப்படிக்கே காவல் போட்டுடுவா. எவ்ளோ நேரம் ஆறதோ அவ்ளோ நல்ல சகுனம்.”

அவன் அதை யோசித்தான். “அப்போ இங்க நாம சேந்து மயங்கி விழுந்தா, கல்யாணமே நிச்சயம்.”

சஹானா சிரிக்கக் கூடாது என்று இருந்தாள். கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

நிழல் என்று அங்கே இருந்தது தொட்டியுடையது மட்டும்தான். ஒரு பாய் அகலம். அதில் நடுவே இடம் விட்டு இருவரும் நின்றார்கள். அவன் சும்மா இருக்கிறவன் இல்லை. படம் பார்ப்பீங்களா என்று கேட்டான். அவள் சொன்னாள். லாரி, கிணறு, கலங்கரை விளக்கம்.

“அதுல என்ன இருக்கு? எப்படியும் கடைசில பொழைச்சுடுவான்.”

“பொழைக்கறது இல்லைங்க. அடுத்து என்ன பண்றான், அதான்.”

“எனக்கு ஒரு படம்னா வீடு நெறைய ஆள் வேணும். மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரன், எல்லாரும் ஒரே நேரத்துல பேசணும்.”

“அதுக்கு நான் எதுக்குப் பணம் குடுத்துப் போகணும்? எங்காத்துல சும்மாவே நடக்கறது.”

அவன் தலையாட்டினான். “நான் இருக்கறது மாரத்தஹள்ளில ஒரு ரூம். சாயங்காலம் போனா பேச்சுத்துணைக்கு ஒரு ஃபேன். அது உங்க படம்தான். தினமும் ஓடறது.”

இதை அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் உண்மையைச் சொல்லாமல் அந்த ஒரு பாய் நிழலில் நிற்பது சரியில்லை என்று பட்டது.

“நான் கீழ போனதும் வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். உங்க மேல தப்பு இல்ல.”

“ஓ.” தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். “நான் பிடிச்சிருக்குன்னு சொல்றதா இருந்தேன்.” பிறகு, “ஒண்ணு பண்ணலாம். நானே வேண்டாம்னு சொல்லிடறேன். உங்களுக்குத் திட்டு விழாது.”

“வேணாம். அதை நான்தான் சொல்லணும்.”

“திட்டு?”

“அதுவும் நான்தான் வாங்கணும்.”

கைப்பிடிச்சுவரில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. வேட்டியிலிருந்து ஒரு வடாமை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றது. பாலசுப்ரமணியன் மெல்ல நகர்ந்து சஹானாவுக்குப் பின்னால் போனான்.

“இவ்ளோ நேரம் தைரியமா பேசினீங்க?”

“அது மனுஷாகிட்ட.”

அப்போதுதான் கீழே கேட் சத்தம் கேட்டது. சஹானா சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். அப்பா வெங்கடராமன் பையோடு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பினார். பையிலிருந்து வாழைப்பழச் சீப்பு தெரிந்தது. தேங்காய் இரண்டு. பின்னாலேயே ருக்கு அத்தை வந்தாள், வாழையிலையில் சுற்றிய பூவோடு. பொட்டலம் பெரியது. ஒரு தலைக்கான பூ இல்லை அது.

“ஐயோ” என்றாள் சஹானா.

“என்ன?”

“தட்டு மாத்தப்போறா.”

அவனும் எட்டிப் பார்த்தான். “நாம இன்னும் எறங்கவே இல்லையே.”

“அதனாலதான்.”

இனி மானம் பார்த்து ஆகாது. “அத்தை!” என்று கத்தினாள். அவனும் சேர்ந்துகொண்டு இரண்டு கையையும் ஆட்டினான். பக்கத்து மனையில் கட்டடம் கட்டுகிற கலவை இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ருக்கு அத்தைக்கு ஒன்றும் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அண்ணாந்து பார்த்தாள். மொட்டை மாடியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையாட்டுகிறார்கள். அத்தையின் முகம் மலர்ந்தது. அவளும் கையாட்டினாள். மெதுவாக வாங்கோ, அவசரமில்லை என்று அபிநயம் பிடித்துவிட்டு, பூவோடு உள்ளே ஓடினாள்.

“இப்போ இன்னும் மோசம்” என்றான் பாலசுப்ரமணியன்.

அது உண்மைதான் என்று உடனே தெரிந்தது. தெருமுனையில் ஒரு மொபெட் திரும்பியது. அதில் நாணு சாஸ்திரிகள். பின்சீட்டில் பஞ்சாங்கப் பை.

“அவர் லக்னப் பத்திரிகையைப் படிச்சுட்டார்னா முடிஞ்சுது” என்றாள்.

“நாம இல்லாமயா?”

“நாம எதுக்கு? ரெண்டு அப்பா போதும்.”

அவன் சுவருக்கு அப்பால் மழைநீர்க் குழாயைப் பார்த்தான். நான்கு மாடி. “இதுல எறங்கினா, எங்கம்மா தட்டை மாத்தாம என்னைத்தான் மாத்தணும்.” பிறகு கதவை உதைத்தான். வெறுங்கால். ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு திரும்பி வந்தான். சட்டையைக் கழற்றி வீசலாம் என்றான். வடாமை எறியலாம் என்றான். குரங்கை எப்படியாவது கீழே அனுப்பலாம் என்றான்.

“கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள் சஹானா.

அவன் பேசாமல் இருந்தான்.

சஹானா நின்ற இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொடி. வேட்டி. நாற்காலி. கயிறாக்கலாம், கட்டலாம், ஏறலாம். ஆனால் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. வெளியே போவதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று தோன்றியது. உள்ளே இருப்பவர்களை வரவழைக்க வேண்டும். யார் வருவார்? எதற்கு வருவார்?

முதுகு தொட்டியில் பட்டது. குளிர்ந்திருந்தது.

பெங்களூரில் ஆள் காணாமல் போனால் வருவார் என்று காத்திருப்பார்கள். தண்ணீர் காணாமல் போனால் ஓடி வருவார்கள்.

தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் கட்டடத்துக்குள் இறங்கியது. அதில் துருப்பிடித்த வால்வு, சின்னச் சக்கரத்தோடு.

“அதை மூடணும்” என்றாள்.

அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மண்டியிட்டான். சக்கரம் அசையவில்லை. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தான். அசையவில்லை. சஹானா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அம்மா தேர்ந்தெடுத்த புடவை. பாசி ஒட்டிக்கொண்டது. இருவருமாகச் சேர்ந்து திருப்பினார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. கால் சுற்று. அரைச் சுற்று. பிறகு வழிக்கு வந்தது.

“இப்போ?”

“இப்போ எல்லாரும் குழாயைத் தெறப்பா.”

காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை. காபிப் பாத்திரங்கள் கழுவுகிற நேரம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கீழே ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொரு ஜன்னல். யாரோ கன்னடத்தில் நீர் இல்லை என்று கூவினார்கள். “சுந்தரமூர்த்தி சார்!” என்று இன்னொரு குரல். பாலசுப்ரமணியன் முஷ்டியை உயர்த்தினான்.

கதவு திறக்கவில்லை. மோட்டார் ஓடத் தொடங்கியது.

“தொட்டி காலின்னு நெனைச்சு மோட்டார் போட்டுட்டார்” என்றாள் சஹானா. இதை அவள் யோசித்திருக்கவில்லை.

“தொட்டி காலியா?”

தொட்டி காலி இல்லை. கழுத்துவரை இருந்தது. விரைவில் மேல்குழாய் வழியாகத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கொதித்துக்கிடந்த தரையில் பட்டு ஆவி எழும்பியது. பாதங்களைத் தொட்டது. இருவரும் ஒரே நேரத்தில் “ஹா” என்றார்கள். அவன் பேண்டை மடித்து விட்டுக்கொண்டு ஓடுகிற நீரில் நின்றான். குரங்கு வேட்டியை விட்டுவிட்டுச் சுவர்மேல் ஏறி, இது என்ன அநியாயம் என்பதுபோலப் பார்த்தது.

“உங்க படத்துல இதெல்லாம் வருமா?” என்று கேட்டான்.

“வராது. நடுவுல யாரும் சந்தோஷமா இருக்க மாட்டாங்க.”

தண்ணீர் மழைநீர்க் குழாயில் இறங்கி கேட்டோரம் நின்ற மொபெட்டின் மேல் விழுந்தது. தொட்டி வழிகிறது, குழாயில் சொட்டு இல்லை. இது சுந்தரமூர்த்தியின் அனுபவத்திலேயே இல்லாத சங்கதி. படியில் கால்கள் தடதடத்தன. தாழ்ப்பாள் திறந்தது.

“யார்ரா வால்வுல கை வெச்சது…” என்று வந்தவர் வாசலிலேயே நின்றார். “சஹானாம்மா! நீ எப்படி இங்க?”

“நீங்கதான் பூட்டினேள்.”

“நான் கொரங்குக்குப் பூட்டினேம்மா!”

“குரங்கு வெளியதான் சார் இருக்கு” என்றான் பாலசுப்ரமணியன். “பத்திரமா இருக்கு.”

சஹானா அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள். அவன் பின்னால் வந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சொன்னான்:

“நீங்க சொல்லுங்க. நான் வாயே தெறக்க மாட்டேன்.”

கூடத்தில் தட்டுகள் தயாராக இருந்தன. பழம், தேங்காய், வெற்றிலை, பூ. சாஸ்திரிகள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விரித்திருந்தார். உள்ளே வந்தவர்களை எல்லாரும் பார்த்தார்கள். ஈரக் கால்கள், பாசிபடிந்த புடவை, முட்டிவரை மடித்த பேண்ட்.

“என்னடி இது கோலம்?” என்றாள் அனந்தலக்ஷ்மி. திட்டுகிற குரல் இல்லை. கண்ணில் நீர் நின்றது. “இவ்ளோ நேரம் பேசியிருக்கேள்!”

“நான்தான் பாத்தேனே” என்றாள் ருக்கு அத்தை. “கையைக் கையை ஆட்டிண்டு, என்ன ஒரு குஷி!”

வனஜா மகனைப் பார்த்தாள். “என்னடா பாலு, சொல்லேன்.”

அவன் தரையைப் பார்த்தான்.

“இவன் எப்பவும் இப்படி இல்லை” என்றாள் வனஜா எல்லாரிடமும். “வாய் மூடவே மாட்டான். என்னடா ஆச்சு? பிடிச்சிருக்கா, இல்லையா?”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். காது சிவந்திருந்தது. இந்த மனிதனுக்குப் பேசாமல் இருப்பது சுடுதரையில் நிற்பதைவிடக் கஷ்டம் என்று சஹானாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் நின்றான். குரங்குக்கு மட்டும்தான் பயப்படுவான் போலிருக்கிறது.

வேண்டாம் என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. எடுத்துச் சொல்ல வேண்டியதுதான். அப்போதுதான் அது பொய்யாகிவிட்டது என்று தெரிந்தது. சரி என்பதும் பொய். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதைச் சொல்ல இந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

“மாடிக் கதவைப் பூட்டிட்டா. அதனாலதான் லேட்டாச்சு” என்றாள். “குஷி எல்லாம் இல்லை. காப்பாத்தச் சொல்லிக் கத்தினோம்.”

“அப்போ?” என்றார் வெங்கடராமன்.

“இன்னிக்குப் பதில் இல்லைப்பா. வேண்டாம்னு சொல்லலை. சரின்னும் சொல்லலை. இன்னும் நாலு தடவை பேசிப் பாக்கணும். கதவு தெறந்திருக்கற எடத்துல.”

“நாலு தடவையா?” என்றாள் அனந்தலக்ஷ்மி. “கல்யாணத்துக்கு முன்னாடியா?”

“பின்னாடி பேசி என்னம்மா பிரயோஜனம்?”

“பூ வாடிடுமேடி” என்றாள் ருக்கு அத்தை.

“நீங்க வெச்சுக்கோங்கோ அத்தை. எல்லாரும் வெச்சுக்கோங்கோ. நெறைய இருக்கு.”

சாஸ்திரிகள் தாளை மடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று எல்லாரும் வனஜா பக்கம் திரும்பினார்கள். வனஜா சஹானாவைப் பார்த்தாள்.

“இப்படிக்கூடச் சொல்லலாம்னு எனக்கு அன்னிக்குத் தெரியாமப் போயிடுத்தே” என்றாள்.

அவள் புருஷர் வாய்வரை கொண்டுபோன பஜ்ஜியை நிறுத்தினார். “என்னிக்கு?”

“நீங்க சாப்பிடுங்கோ.”

முதலில் சிரித்தது அனந்தலக்ஷ்மி. தானே எதிர்பார்க்காமல் சிரித்துவிட்டு, தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, தட்டிலிருந்து ஒரு முழம் பூவைக் கிள்ளி வனஜாவிடம் நீட்டினாள்.

பாலசுப்ரமணியன் இன்னும் வாசற்படியருகே நின்றிருந்தான். பேண்டிலிருந்து நீர் சொட்டியது. சஹானாவைப் பார்த்து, பேசலாமா என்று புருவத்தால் கேட்டான்.

“பேசுங்க” என்றாள்.

அவன் மூச்சு விட்டான். “புதன்கிழமை உங்களுக்கு ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும்?”